மெதுவாகப் போகிறவர் முன்னால்

"பெற்றோல்தான் இப்ப தாராளமாக் கிடைக்குதே ஸேர், இன்னும் ஏன் சைக்கிள்?" என்று கேட்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

2022இல் பெற்றோல் வரிசை நாட்களில் வேறு வழியில்லாமல் சைக்கிள் வாங்கியவர்கள் நாங்கள். கியூ.ஆர். முறை வந்து வரிசை குறைந்ததும் பலர் விற்றுவிட்டார்கள். எங்களில் ஏழு ஆசிரியர்களுக்கு மட்டும் அது விட்டுப்போகவில்லை. கடந்த சனிக்கிழமை பண்டாரவளையில் ஸுபஹ் தொழுதுவிட்டு, வெலிமடை, கெப்பெட்டிபொல, ஹக்கல வழியாக நுவரெலியாவுக்குப் போய் அன்றே திரும்பினோம். போக வர கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர்.

பண்டாரவளை ஏறக்குறைய 1,200 மீற்றர் உயரம். நுவரெலியா 1,868 மீற்றர். கழித்துப் பார்த்தால் ஏற்றம் பெரிதாகத் தெரியாது. ஆனால் நடுவில் வெலிமடை தாழ்வில் கிடக்கிறது. அங்கே இறங்கியதையெல்லாம் திருப்பி ஏற வேண்டும். வரும்போதும் அப்படித்தான். நுவரெலியாவிலிருந்து சுகமாக இறங்கி வந்தாலும், கடைசி 20 கிலோமீற்றரைக் களைத்த காலோடுதான் ஏற வேண்டும்.

எங்கள் குழுவுக்கு ஒரேயொரு சட்டம். மெதுவாகப் போகிறவர் முன்னால், பலமானவர் கடைசியில். முன்னால் போகிறவர் எங்கள் மௌலவி ஸேர். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம். கடைசியில் பீ.ரீ. ஸேர், பம்ப்பும் டியூப்பும் அவரிடம். இந்த முறை புதிதாகச் சேர்ந்த கணித ஸேருக்கு அது பிடிக்கவில்லை. "இப்பிடிப் போனா ளுஹருக்கும் நுவரெலியா போய்ச் சேர ஏலாது. வேகமா போறவங்க போய் மேல நின்டா என்ன?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஏற்றத்தில் நடப்பது வேறு. வேகமானவர்கள் மேலே போய்ப் பத்து நிமிடம் இளைப்பாறுவார்கள். பின்னால் வருபவர் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேரும்போது, "சரி, வெளிக்கிடுவோம்" என்பார்கள். ஓய்வு யாருக்குக் கூடுதலாகத் தேவையோ, அவருக்குத்தான் ஓய்வே இல்லாமல் போகும். மௌலவி ஸேர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இமாம் பின்னால நிக்கிற வயசாளியையும் நோயாளியையும் பார்த்துத்தானே ஓதணும். இதுவும் ஜமாஅத்துதான்."

வெலிமடை தாண்டினால் இரண்டு பக்கமும் தோட்டம்தான். போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட். வயல்களில் ஒரு போகம் நெல், ஒரு போகம் உருளைக்கிழங்கு. பஸ்ஸில் போகும்போது பச்சை மட்டும்தான் தெரியும். சைக்கிளில் ஏறும்போது, அந்தச் சரிவில் மூட்டை சுமக்கிறவரின் மூச்சுச் சத்தமும் கேட்கும். ஏனென்றால் நாமும் அதே சரிவில் அதே மூச்சோடுதான் போகிறோம்.

கெப்பெட்டிபொலவுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வயலில் இருந்து "ஸேர்!" என்று குரல். என் வகுப்புப் பையன். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. இரண்டு கிழமையாக வரவில்லை. சேறு படிந்த காலோடு ஓடி வந்து எங்கள் சைக்கிள்களைத் தடவிப் பார்த்தான். அவனுடைய உம்மா பிளேன்டீ ஊற்றித் தந்தார். "குத்தகை வயல் ஸேர். கூலிக்கு ஆள் புடிக்க ஏலாது. கிழங்கு கிண்டி முடிய இன்னும் ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு விடாம வருவான்."

பக்கத்து ஊர், 1818 ஊவா கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிபொலவின் பெயர் கொண்டது. இன்று அங்கே பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது. லொறியில் கிழங்கு போய் இறங்கும்போதுதான் விலை தெரியும். இறக்குமதிக் கிழங்கின் வரியைக் கொழும்பில் குறைத்தால், இந்த உம்மாவின் கணக்கு மாறும்.

அதற்குப் பிறகு ஹக்கல வரை யாரும் அதிகம் பேசவில்லை. 1861இல் சிங்கோனா வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய பூங்காவின் வாசலில் பனி மூடியிருந்தது. அங்கே நின்றபோதுதான் கணித ஸேர் சொன்னார்: "நாம ஏழு பேர் ஒருத்தருக்காக மெதுவா ஏறுறோம். அவனுக்கு நாலு கிழமைப் பாடம் போயிடும். பாடத்திட்டம் அவனுக்காக நிக்காதே."

உண்மைதான். 38 பேர் உள்ள வகுப்பில், மெதுவாக வருபவனை முன்னால் விட்டு நடத்த எந்தக் கால அட்டவணையும் இடம் தராது. அவன் மெதுவானவனும் இல்லை. அவன் முதுகில் மூட்டை இருக்கிறது, அவ்வளவுதான்.

ளுஹரை நுவரெலியாவில் தொழுதோம், அல்ஹம்துலில்லாஹ். இறக்கத்தில் இடைவெளி விட்டு, பிறேக்கைத் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடித்து வந்தோம். வளைவுகளில் மரக்கறி லொறிகளுக்கு வழிவிட்டோம். வெலிமடையில் அஸர். கடைசி ஏற்றத்தில் மௌலவி ஸேரின் கால் பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை இறங்கி நடந்தார். அவரோடு சேர்ந்து தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தவர் கணித ஸேர்தான். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்போது பண்டாரவளையில் நின்றோம். ஏழு பேரும்.

கிழங்கு நல்ல விலைக்குப் போனால் இரண்டு நாளைக்குக் கூலியாள் பிடிக்கலாம், பையன் முன்னதாகவே வரலாம். போகாவிட்டால் வயலில்தான். எப்படியோ, கணித ஸேர் அந்த நாலு கிழமைக் கணக்குகளையும் படிப்படியாக ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கிவிட்டார். நான் தமிழை எழுதுகிறேன். அடுத்த சனிக்கிழமை கெப்பெட்டிபொல வரை மட்டும்தான் ஓட்டம்.