விடுமுறையில் கற்போம், கேட்போம்



ஆண்டிறுதி விடுமுறை வருகின்றது. பள்ளி மணி சில வாரங்களுக்கு ஓய்ந்திருக்கும். விடுமுறையில் விளையாட வேண்டாம் என்று நாம் கூறமாட்டோம். திடலில் ஓடி ஆடுங்கள். உற்றார் உறவினர் இல்லங்களுக்குச் சென்று வாருங்கள். நாளுக்கு அரை மணி நேரத்தை மட்டும் தமிழுக்கென ஒதுக்கிவையுங்கள். நாம் வேண்டுவது அவ்வளவே.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் தமிழ்வழிக் கல்வி ஆறாம் ஆண்டோடு நிறைவு பெறுகின்றது. அதன்பின் இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அப்பாடத்திற்கு ஏற்பாடு செய்யலாம் என்பது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் விதி. ஆகவே, இந்த ஆறு ஆண்டுகளில் வேரூன்றாத வாசிப்புப் பழக்கம் பின்னர் வேரூன்றுதல் அரிது. வாரக்கணக்கில் நூலைத் தொடாத குழந்தை, பள்ளி திறந்ததும் எழுத்துக் கூட்டித் தடுமாறுவதை ஆசிரியர்களாகிய நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம்.

திருவள்ளுவர் திருக்குறளின் 40ஆம் அதிகாரத்தில் கல்வியைப் பாடினார். 42ஆம் அதிகாரத்தில் கேள்வியைப் பாடினார். நூலைக் கற்கும் வாய்ப்பற்றவரும் அறிந்தோர் சொல்லைக் கேட்டுப் பயன் பெறலாம் என்பது அவர் காட்டிய வழி. நாமும் அவ்விரண்டு வழிகளையே இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதலில் கல்வி. முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை பயிலும் சிறுவர்கள் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பாடல்களைப் பாடிப் பழகுக. எளிய சொல்லும் இனிய ஓசையும் கொண்ட அப்பாடல்கள், படிக்கும்போதே மனத்தில் பதிந்துவிடும். பாரதியாரின் பாப்பா பாட்டினை முழுமையாக மனனம் செய்க. வாய்விட்டுப் படிப்பதே இவ்வயதினர்க்கு ஏற்றது. அருகில் அமர்ந்து கேட்க ஒருவர் இருந்தால் குழந்தையின் ஊக்கம் இரு மடங்காகும்.

மேல் வகுப்பு மாணவர்களுக்குக் கல்கியின் 'பார்த்திபன் கனவு' நல்ல விருந்து. சோழ இளவரசன் விக்கிரமன் நாடு கடத்தப்பட்டுக் கடலுக்கு அப்பாலுள்ள செண்பகத் தீவை அடைவதும், தாய்நாட்டை எண்ணி ஏங்குவதும், கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு நெருக்கமானவை. இதனை முடித்தவர்கள் ஐந்து பாகங்கள் கொண்ட 'பொன்னியின் செல்வ'னுக்குச் செல்லலாம். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. உலகெங்கும் உள்ள தமிழ்த் தொண்டர்களின் உழைப்பால் 1998ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய நூலகத்தில் தமிழ் நூல்கள் பலவற்றைக் கட்டணமின்றிப் பெறலாம்.

பெற்றோர்களுக்கும் இரு நூல்களைக் கூறுவோம். 1975ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருதைப் பெற்ற அகிலன், நம் நாட்டு இரப்பர்த் தோட்ட மக்களின் வாழ்வை வைத்து எழுதியது 'பால்மரக் காட்டினிலே'. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', 1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் அமைத்த சயாம் – பர்மா இரயில் பாதையின் துயரத்தைச் சொல்வது. ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் இரையாகித் திரும்பாதோர் பலர்.

அடுத்தது கேள்வி. முன்னாளில் தோட்டத்து லயங்களில் மாலை வேளையில் வானொலி நாடகம் ஒலித்தால் அண்டை வீட்டாரும் வந்து அமர்ந்து கேட்பர். இன்று அவ்விடத்திற்கு வலையொலி வந்துள்ளது. விரும்பிய நேரத்தில் கேட்கலாம், நிறுத்தலாம், மீண்டும் தொடரலாம். தீபிகா அருண் வழங்கும் 'கதை ஓசை' என்னும் வலையொலியில் கல்கி முதலிய எழுத்தாளர்களின் கதைகளைச் செவிகுளிரக் கேட்கலாம். நம் நாட்டு மின்னல் பண்பலையும் நல்ல தமிழ் கேட்பதற்கு உதவும். காணொளியைவிட ஒலிக்கு இணையச் செலவு மிகக் குறைவு. செம்பனைக் காட்டில் உழைத்துக் களைத்து வரும் பெற்றோர், கண்ணுக்கு ஓய்வளித்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கேட்கலாம். எழுத்தறியாத பாட்டியும் அதில் பங்கு கொள்ளலாம். கைப்பேசியின் திரையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்பது மட்டும் முக்கியம்.

இறுதியாக மாணவர்களுக்கு ஒரு பணி. உங்கள் வீட்டிலேயே எவரும் அச்சேற்றாத நூல் ஒன்று இருக்கின்றது. அதுவே உங்கள் தாத்தா பாட்டியின் நினைவு. விடியுமுன் பிரட்டுக்குச் சென்றது, மங்கில் பால் சொட்டியது, ஒட்டுப்பால் உருவியது, காண்டா வாளி சுமந்தது ஆகியவற்றை நீங்கள் கண்டதில்லை. பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவே மாறிவிட்டன. அக்காலத்தை அறிந்த முதியோரும் குறைந்து வருகின்றனர். அவர்கள் மறைந்தால் அக்கதையும் உடன் மறையும். கைப்பேசியில் ஒலிப்பதிவு வசதி உண்டு. பத்து நிமிடங்கள் அவர்களைப் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். இடையில் குறுக்கிடாதீர்கள். "எந்த ஊரில் பிறந்தீர்கள்? முதல் சம்பளம் எவ்வளவு? அதை என்ன செய்தீர்கள்?" என்னும் மூன்று கேள்விகளே தொடங்குவதற்குப் போதும். பிறகு அதனை ஒரு பக்க அளவில் எழுதி, பள்ளி திறக்கும் நாளில் வகுப்பாசிரியரிடம் ஒப்படையுங்கள். நல்ல படைப்புகள் அடுத்த ஆண்டு மலரில் இடம்பெறும்.

பெற்றோர்களே, விடுமுறைக்கு முன் பிள்ளைகள் நூலகத்திலிருந்து கொண்டுவரும் நூல்களை மழையும் எலியும் அணுகாமல் காத்துத் தருக. "இன்று என்ன படித்தாய்?" என்று நாள்தோறும் ஒருமுறை கேட்டருள்க. அச்சொல் ஒன்றே பிள்ளைக்குப் பெரும் ஊக்கமாகும்.

நூலும் செவியும் நம் குழந்தைகளின் இரு சிறகுகள் ஆகட்டும்!

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!