மூலையில் நிற்பவளின் குதிகால்

விழுப்புரத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நண்பர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கபடி ஆடும் பள்ளிச் சிறுமி. மூன்று பேர் அவளை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்; ஒருத்தி இடுப்பை, ஒருத்தி தொடையை, இன்னொருத்தி கணுக்காலை. இவள் குப்புற விழுந்து, ஓரத்தில் தெரியும் சுண்ணாம்புக் கோட்டை நோக்கி வலது கையை நீட்டியிருக்கிறாள். கிளம்பிய புழுதி இன்னும் இறங்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, பாட்டு நிற்கவில்லை. பத்து நாள் அந்தப் படம் என்னை விடவில்லை. யார் எடுத்தது என்று கேட்டேன்.

"நம்ம திண்டிவனத்துக்காரர்தாங்க. கல்யாணம், காதுகுத்துன்னு எடுப்பார். மேட்ச்னா சோறு தண்ணி வேணாம் அவருக்கு. போய்ப் பாருங்க."

ஒரு வெள்ளிக்கிழமை போனேன். ரயிலடிப் பக்கம் பத்துக்குப் பத்து ஸ்டுடியோ. கண்ணாடிக்குள் மணமக்கள் சிரிக்கிறார்கள். உள்ளே ஒரு இரும்பு பீரோ; கதவைத் திறந்தால் ஜீரோ வாட்ஸ் பல்பு எரிகிறது. ஈரம் அண்டிப் பூஞ்சை பிடிக்காமலிருக்க, பழைய ஸ்டுடியோக்காரர்கள் லென்ஸுக்குச் செய்துவைத்த ஏற்பாடு. துணியில் சுற்றி, குழந்தையை எடுப்பதுபோல எடுத்துக் கொடுத்தார்: எழுபது–இருநூறு லென்ஸ். ஒன்றரைக் கிலோ இருக்கும். சென்னையில் யாரோ வைத்திருந்து விற்றது. ஜூம் வளையத்தின் ரப்பர் தளர்ந்துபோய், சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தார். வெள்ளைப் பூச்சு தேய்ந்து உலோகம் தெரிந்த இடத்தில் அவருடைய இடது உள்ளங்கை சரியாகப் பொருந்தியது. கல்யாணத்துக்கு இது வேண்டியதில்லை. மூன்று வருடக் கல்யாணச் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்து, ஆட்டத்துக்காகவே வாங்கியிருக்கிறார்.

எதற்காக என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க அக்கா கபடி ஆடும் சார். வெறுங்கால்ல. பாடிப் போச்சுன்னா ரெண்டு பேரத் தொடாம திரும்பாது. கல்யாணத்தோட நின்னுபோச்சு. அது ஆடுன படம் ஒண்ணுகூட கெடையாது. கோப்பையோட நிக்கற குரூப் போட்டோ ஒண்ணு இருக்கு. அதுலயும் ஓரத்துல பாதி மூஞ்சிதான். இப்ப நூறு நாள் வேலைக்குப் போவுது. அது புள்ளைங்களே, நீயாம்மா ஆடுனன்னு கேக்குதுங்க."

அன்றிரவு மரக்காணம் சாலையில் ஒரு கிராமத்தில் மின்னொளி கபடி. அவர் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். உப்புக் காற்று. வெறும் கண்ணுக்கு வெளிச்சம் சீராகத்தான் இருந்தது. கேமராவுக்கு அப்படி இல்லை. நம் மின்சாரம் நொடிக்கு ஐம்பது சுற்று. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கித் துலங்குகின்றன. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி வைத்து எடுத்தால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மஞ்சளாகவும் விழும். பிளாஷ் போட்டால் ஆடுகிறவர் கண் கூசும். அதனால் நூறில் ஒரு பங்குக்கு இறக்கிக்கொள்கிறார். அந்த வேகத்தில் ஓடும் உடம்பு கலங்கிவிடும். "திரும்பற எடத்துல ஒரு நொடி நிப்பாங்க சார். அத மட்டுந்தான் எடுப்பேன்" என்றார்.

நூறில் ஒரு பங்கு என்றதும் எனக்கு உஷா நினைவுக்கு வந்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா வெண்கலத்தைத் தவறவிட்டது அந்த அளவு நேரத்தில்தான்: 55.41, 55.42. முடிவுக் கோட்டில் இருந்த கேமரா சொன்ன கணக்கு அது. திண்டிவனத்துப் பிள்ளைகளின் கோட்டில் எந்தக் கேமராவும் இல்லை, இவர் போய் உட்கார்ந்தால் ஒழிய.

சனிக்கிழமை காலை விழுப்புரம், மாவட்டப் பெருந்திட்ட வளாக மைதானம். பள்ளிப் பிள்ளைகள் ஆட்டம். அவர் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். லென்ஸுக்குப் பாலித்தீன் உறை, ரப்பர் பேண்ட்.

"பாடி வர்றவளப் பாக்காதீங்க சார். மூலையில நிக்கறவ குதிகாலப் பாருங்க. குதிகால் தூக்குனா பிடிக்கப் போறான்னு அர்த்தம்."

பார்த்தேன். முப்பது நொடிப் பாட்டில் இருபது நொடி அந்தக் குதிகால் அசையவில்லை. பிறகு மண்ணிலிருந்து விரற்கடை உயர்ந்தது. நான் தலை நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்து, புழுதிதான் இருந்தது. அவர் இரண்டே தடவை அமுக்கியிருந்தார். பழைய கேமரா; தொடர்ந்து அமுக்கினால் திணறி நின்றுவிடும். 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியா–மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் டெஸ்ட் முதன்முதலாக ‘டை’யில் முடிந்த கணத்தைப் படமெடுத்த ரான் லோவிட், மிஞ்சியிருந்த ஒரே தகட்டோடு காத்திருந்தார் என்பார்கள். இவருக்கு ஒவ்வொரு பிடியிலும் அந்தக் காத்திருப்பு.

கூலி விஷயம் வயிற்றெரிச்சல். போட்டி நடத்துகிறவர்கள் பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் எண்ணிக் கொடுப்பார்கள். படம் எடுப்பவருக்கு ஒரு துண்டு போர்த்தி அனுப்புவார்கள். மறுநாள் அவர் படத்தையே எடுத்து பிளக்ஸ் அடிப்பார்கள். அதில் தலைவர்கள் ஆளுயரம், ஆடிய பிள்ளை ஸ்டாம்ப் அளவு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இப்படி யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாமல் தானே போய் எடுத்த படத்துக்கு எடுத்தவரே முதல் உரிமையாளர். அந்தச் சட்டத்தை நீட்டிக்கொண்டு எந்த பிளக்ஸ் கடை வாசலில் போய் நிற்பார்? அடுத்த ஆட்டத்துக்கு உள்ளே விடமாட்டார்கள். வியர்வை பிள்ளைகளுடையது, கண் இவருடையது, பெயர் மட்டும் வேறு யாருக்கோ போகிறது. இதை ஊர் வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இடைவேளையில் ஒரு சிறுமி ஓடி வந்தாள். "கேமராண்ணா!" பார்த்ததும் தெரிந்தது, நண்பர் அனுப்பிய படத்தில் இருந்தவள். அவர் பையிலிருந்து லேமினேஷன் போட்ட பிரிண்ட் ஒன்றை எடுத்து நீட்டினார். தன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நீட்டிய கையின் நுனியில் கண்ணை வைத்தாள்.

"ஏய், இங்க வந்து பாருங்கடி! கோட்டத் தொட்டிருக்கேன். அன்னிக்கு நான் அவுட்டே இல்ல!"

குனிந்து பார்த்தேன். நடுவிரல் நகம் சுண்ணாம்புக்குள் இருந்தது. பாட்டு நிற்காமல் நடுக்கோட்டைத் தொட்டால் அவள் தப்பித்தாள். பிடித்த மூன்று பேரும் அவுட். பத்து நாள் அந்தப் படத்தைப் பார்த்தவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

"அன்னிக்கே எனக்குத் தெரியும் சார்" என்றார் மெதுவாக. "ஆட்டம் முடிஞ்சுபோச்சு, யார் கிட்ட சொல்றது? மரத்தடியில உக்காந்து அழுதுகினு இருந்துச்சு. அதான் பெருசா போட்டுக் குடுக்கலாம்னு."

விசில் ஊதினார்கள். "அண்ணா, பையில வெச்சிருங்க, ஆடிட்டு வந்து வாங்கிக்கறேன்" என்று அவர் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். அவர் படத்தின் மேல் ஒட்டிய மண்ணைச் சட்டை நுனியால் துடைத்து உள்ளே வைத்தார். லென்ஸ் உறையைச் சரிசெய்துகொண்டு, எதிர் மூலையில் நின்றவளின் குதிகாலைப் பார்க்க ஆரம்பித்தார்.