மருந்தும் ஓர்மையும்

நோய்களுக்கு மக்கள் இட்ட பெயர்கள் பெரும்பாலும் பொருத்தமானவை. மஞ்சட்காமாலை கண்ணில் மஞ்சளாய்த் தெரியும். முடக்குவாதம் கைகால்களை முடக்கும். ஆயின், 'இரத்தக் கொதிப்பு' என்னும் பெயர் நம்மை ஏமாற்றுவது. கொதிப்பென்றால் சூடு, சூடென்றால் உடலுக்குத் தெரிய வேண்டும் அன்றோ? இந்நோயிலோ பெரும்பாலார்க்கு யாதொரு குறியும் தோன்றுவதில்லை. "யான் சினமே கொள்ளாதவன், எனக்கு எங்ஙனம் கொதிப்பு வரும்?" என்று வினவுவாரைக் கடலூரிலும் சிதம்பரத்திலும் பலமுறை கண்டுள்ளேன். மாணவர்களே, குருதி கொதிப்பதில்லை. அது தான் ஓடும் குழாயின் சுவரை மிகுதியாக அழுத்துகின்றது; அவ்வளவே. ஆதலின் 'இரத்த அழுத்தம்' என்பதே செம்மையான பெயர்.

இதயம் சுருங்குங்கால் எழும் அழுத்தம் ஓர் எண். அது தளருங்கால் நிற்கும் அழுத்தம் மற்றோர் எண். 120/80 என்பதை நல்ல அளவாகக் கொள்வர். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நின்றால் அது நோய். பிறப்புவழி, முதுமை, உடற்பருமன், உப்பு எனக் காரணங்கள் பல. ஒருவர்க்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரை ஊரினராகிய எங்கட்கோ கருவாடும் ஊறுகாயும் இன்றிச் சோறு இறங்குவதில்லை! இந்நோய் ஓசையின்றி ஆண்டுக்கணக்கில் குழாய்களைத் தேய்த்து, ஒரு நாள் மூளையையோ இதயத்தையோ சிறுநீரகத்தையோ தாக்கும்.

எனக்கும் இந்நோய் உண்டு. பள்ளிப் பணியினின்றும் ஓய்வு பெற்ற ஆண்டில் அது வெளிப்பட்டது. மருத்துவர் மாத்திரை எழுதித் தந்தார்; உப்பைக் குறைக்கச் சொன்னார்; நடக்கச் சொன்னார். பின்னர், "நாள்தோறும் சிறிது நேரம் அமைதியாக அமர்ந்து, மூச்சைக் கவனித்து வாருங்கள், ஐயா" என்றார். இது மருந்துக் கடையில் கிடைக்காத மருந்தாக இருக்கின்றதே என்று வியந்தேன்.

ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' எனப்படும் இப்பயிற்சியைச் சிலர் 'மனநிறைவு' என்று மொழிபெயர்க்கின்றனர். அது சிறிதும் பொருந்தாது. வயிறார உண்டவனுக்கும் மனநிறைவு உண்டு. ஓர்தல் என்றால் கருதி உணர்தல். நடப்பதை நடக்கும்பொழுதே ஓர்ந்திருக்கும் நிலையை 'ஓர்மை' எனலாம் என்பது என் கருத்து. பௌத்தர் இதனைப் பாலி மொழியில் 'சதி' என்றனர். தில்லையோடு தொடர்புடையவராகப் போற்றப்பெறும் திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை நெறிப்படுத்தும் முறையை விரித்துரைத்தார். 1979ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் என்பார், பௌத்தர் பயிற்சியைப் பாடமாக்கி நோயாளர்க்குக் கற்பித்தார்.

எனினும், அவர்க்குப் பத்தாண்டு முன்பே நம் நாட்டில் ஒரு முயற்சி நிகழ்ந்தது. பம்பாய் மருத்துவர் கே. கே. தாதேயும் அவர்தம் துணைவரும் உயர் இரத்த அழுத்தமுடைய 47 பேர்க்குச் சவாசனம் பயிற்றி, அதன் பயனை 1969இல் வெளியிட்டனர். உடலைத் தளரவிட்டுக் கிடத்தல் மட்டுமன்று அப்பயிற்சி. உட்செல்லும் காற்றின் குளிர்ச்சியையும் வெளிவரும் காற்றின் வெம்மையையும் மூக்கு நுனியில் உணர்ந்துகொண்டே இருத்தல் வேண்டும். ஓர்மை என்று யான் சொன்னது இதுவே. பலர்க்கு அழுத்தம் இறங்கியது. முன்பே மருந்துண்டவர் சிலர்க்கு மருந்தின் அளவு குறைந்தது. எல்லார்க்கும் பயன் விளையவில்லை.

1975இல் இலண்டனில் மருத்துவர் சந்திரா படேல், நார்த் என்பாருடன் கூடி, 34 நோயாளரை இரு கூறாக்கி ஆராய்ந்தார். யோகத் தளர்ச்சிப் பயிற்சியும், உடலின் நிலையைக் கருவி வழியே தாமே அறியும் பயிற்சியும் பெற்ற கூட்டத்தாரின் சராசரி அழுத்தம் ஆறு வாரத்தில் 168/100இலிருந்து 141/84க்கு இறங்கியது. வெறுமனே ஓய்வு கொண்ட மற்றைக் கூட்டத்தார்க்கு 169/101, 160/96 ஆயிற்று. பின்வந்த ஆராய்ச்சிகள் எல்லாம் இத்துணை இறக்கத்தைக் காட்டவில்லை என்பதையும் மறைத்தல் கூடாது. கடலூரின் பக்கத்து ஊராகிய புதுச்சேரியில், ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தார் 23 நோயாளரை நிமிடத்திற்கு 6 மூச்சாக ஐந்து நிமிடம் மெல்ல உயிர்க்கச் செய்தனர். மேல் எண் உடனே இறங்கியது. 2011இல் வெளிவந்த அவ்வாய்வு உடனடி விளைவை மட்டுமே அளந்தது. ஐந்து நிமிடத்தில் இறங்கியது ஐந்து நாள் நிற்குமா என்பது வேறு வினா.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? கழுத்துத் தமனியின் சுவரில் அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்கு உணர்த்த, மூளை இதயத் துடிப்பைத் தணித்துக் குழாய்களைத் தளர்த்தும். கவலையும் பரபரப்பும் குழாய்களை இறுக்குவன. மெல்லிய மூச்சு அவ்விறுக்கத்தைத் தளர்த்தி, அந்நரம்புகளின் காவலைக் கூர்மையாக்கும். மாத்திரைகளின் வழி வேறு. சில மிகுந்த உப்பையும் நீரையும் சிறுநீர் வழியே நீக்கும். சில குழாய்களை நேரே விரிக்கும்.

சிதம்பரத்தில் மளிகைக் கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவர் அழுத்தம் 170/100. மாத்திரை உண்டுவந்த அவர் ஓர்மைப் பயிற்சியையும் மேற்கொண்டார். மூன்று திங்களில் 130/84 ஆயிற்று. மகிழ்ச்சி தாங்கவில்லை! "புலவரே, மூச்சே மருந்து, இனி எனக்கு எதற்கு மாத்திரை?" என்று கேட்டார். "மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்" என்றேன். அவர் கேட்கவில்லை, தாமே நிறுத்திவிட்டார். உடலில் யாதொரு வேறுபாடும் தெரியாமையால் தம் துணிவு சரியென்றே எண்ணியிருந்தார். நான்கு திங்கள் சென்றபின், ஒரு விடியற்காலையில் வலக்கை வீழ்ந்தது, நாக் குழறியது. உயிர் பிழைத்தார். நுகத்திற் பூட்டிய இரண்டு காளைகளுள் ஒன்றை அவிழ்த்துவிட்டு வண்டியை ஓட்டினாற்போல் ஆயிற்று அவர் செயல்.

யான் நாள்தோறும் தேவனாம்பட்டினக் கடற்கரையில் கால்மணி நேரம் அமர்கின்றேன். மூச்சைப் பார்க்கத் தொடங்கிய நொடியிலேயே மனம் பேரனின் பள்ளிக் கட்டணத்திற்கு ஓடும். வாரா ஓய்வூதியத்திற்கு ஓடும். ஓடியதை அறிந்தவுடன் மீண்டும் மூச்சுக்குக் கொணர்வேன். அதனோடு சண்டையிடுவதில்லை. ஓடாத மனம் எவர்க்கும் இல்லை. ஓடியதை அறிவதே பயிற்சி. வீடு திரும்பியதும் மாத்திரை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இம்மாத்திரைகள் இல்லந்தேடி வருகின்றன. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் தாத்தாவோ பாட்டியோ அவற்றை வாங்கி வைப்பதைக் கண்டிருப்பீர்கள்.

நண்பர் இன்று இரண்டையும் விடாது செய்கின்றார். அளக்குமுன் ஐந்து நிமிடம் பேசாது அமர வேண்டும் என்பது முறை. அந்த ஐந்து நிமிடத்தையும் மூச்சைப் பார்க்கவே பயன்படுத்துகின்றார். வலக்கை இன்னும் எழுதவில்லை. ஆதலின் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் பெயர்த்தி, கருவி காட்டும் எண்களை ஒரு குறிப்பேட்டில் நாள் தவறாது எழுதி வருகின்றாள். சென்ற வாரம் யான் சென்றிருந்தபொழுது அவள் எழுதியது 132/84.