எட்டுத் தட்டுகள்

சார்ஜாவில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் எட்டு வன்தட்டுகள் இரவுபகலாய்ச் சுழல்கின்றன. அம்மாவின் குரல் பதிந்த கசெற்றுகள், ஊர்ப் படங்கள், நண்பர்கள் தந்த பழைய சஞ்சிகைகள் எல்லாம் அவற்றுள். இரண்டு செத்தாலும் மற்ற ஆறிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம்.

போன ஓகஸ்ற்றில் நாங்கள் வேலைக்குப் போன நேரம் ஏசி நின்றுவிட்டது. வந்து பார்த்தால் தட்டுகள் 58 பாகையில். ஒவ்வொரு தட்டும் தன் வருத்தத்தைத் தானே குறித்து வைக்கும்; அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். 5ஆம் இலக்கம், பழுதென்று ஒதுக்கிய இடங்கள். 197, வாசிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. மூன்றாம் தட்டில் பூச்சியமாக இருந்தவை 16, 8 ஆகியிருந்தன. பூச்சியத்தையும் நம்பேலாது. ஒரு குறியும் காட்டாமல் செத்த தட்டுகளும் ஏராளமென்று கூகுள்காரரின் 2007 ஆய்வு சொல்கிறது.

புதுத் தட்டை நிரப்ப இரண்டு நாள். அப்போது மற்ற ஏழும் முழுதாய் வாசிக்கப்படும். ஒளித்திருந்த பழுது அந்நேரம்தான் தலைகாட்டும். இரண்டாம் இரவு ஆறாம் தட்டிலும் பிழை. நித்திரை எங்கே? எப்படியோ தப்பியது.

1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறக்குறைய 97,000 புத்தகங்கள் எரிந்தன. எட்டுத் தட்டும் ஒரே கூரையின் கீழ்தானே என்று சின்னவள் கேட்டாள். அந்தக் கூரையும் வேலையும் விசாவும் உள்ளமட்டும்தான்.

பிரதியெடுத்து ரொறன்ரோவுக்கு அக்காவிடம் அனுப்பினோம். மாதம் ஒருக்கால் செருகிப் பாருங்கோ என்றால், "சமைக்கவே நேரமில்லை, பெட்டி கட்டிலுக்குக் கீழே கிடக்கு" என்கிறா.