முருகைக்கல்

நெடுந்தீவில் எங்கள் வளவுக்குக் கிடுகு வேலி கிடையாது. சீமெந்து எதுவும் பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய முருகைக்கற்கள்தான் வேலி. அவற்றில் சிலவற்றின் மேற்பரப்பில் வளைந்து வளைந்து ஓடும் பள்ளங்கள் இருக்கும். சிறுவயதில் ஒரு பள்ளத்தில் எறும்பொன்றை விட்டு, அது எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கல் ஒருகாலம் உயிரோடு இருந்தது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்.

பல ஆண்டுகளின் பின், ரொறன்ரோவில் ஒரு மீன்கடையில் அதே பள்ளங்களை உயிரோடு கண்டேன். மூளைப் பவளம் என்கிறார்கள். உள்ளங்கையில் பாதி அளவு. பச்சையும் பழுப்புமாகச் சதைபிடித்திருந்தது. கடலிலிருந்து பெயர்த்ததல்ல, தொட்டியில் வளர்ந்த தாய்க்கல்லொன்றிலிருந்து அறுத்தெடுத்தது என்றார் கடைக்காரர். வாங்கினேன். ஏன் என்பதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வீட்டில் ஏற்கெனவே இரண்டு கோமாளி மீன்களுடன் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது என்பது பதில் ஆகாது.

செய்யவேண்டியவற்றை எல்லாம் செய்ததாகத்தான் நினைத்தேன். பையோடு தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தினேன். ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்தேன். வெப்பம் 25 பாகை, உப்பு ஆயிரத்துக்கு 35. எல்லாம் சரி. வெளிச்சத்தை மட்டும் யோசிக்கவில்லை. கடையில் மங்கலான நீல விளக்கின் கீழ் இருந்ததை, நல்ல இடம் என்று, என் விளக்குக்கு நேர் கீழே உயரத்தில் வைத்தேன். விருந்தாளியை வெயிலில் உட்காரவைத்த மாதிரி. மூன்று கிழமைக்குள் வெள்ளையாகிவிட்டது.

அதன் சதை ஏறக்குறையக் கண்ணாடி போன்றது. நாம் காணும் நிறத்தில் பெரும்பகுதி அதற்குள் குடியிருக்கும் ஒற்றைக்கலப் பாசியினுடையது. அந்தப் பாசி வெளிச்சத்தில் சமைத்துக் கொடுப்பதில்தான் பவளத்தின் சீவனம் பெரும்பாலும் நடக்கிறது. வெளிச்சமோ வெப்பமோ அளவு மீறினால் பாசியின் ஒளிச்சேர்க்கை சீர்குலைந்து நஞ்சான ஒட்சிசன் உண்டாகிறது. அப்போது பவளம் தனக்குச் சோறு போடுகிறவர்களையே வெளியே தள்ளிவிடுகிறது. எஞ்சுவது தோலுக்கூடாகத் தெரியும் எலும்பு. ஆக, வெள்ளை என்பது சாவு அல்ல. பட்டினி.

அந்த நாட்களில் மொன்றியலிலிருந்து ஒரு நண்பர் வந்திருந்தார். கவிஞர். தொட்டியின் முன் வெகுநேரம் நின்றார். "மச்சான், உதுதான் வடிவு. பளிங்கு மாதிரி" என்றார். அடுத்த கிழமை கவிதை வந்தது. அதில் பவளம் அகதி, வெண்மை பனி, கண்ணாடித் தொட்டி இந்த நாடு. மோசமான கவிதை என்று சொல்ல வரவில்லை. சொற்கள் சிக்கனமாக இருந்தன, ஒரு வரியும் விளக்கவில்லை. பொருளை அப்படியே முன்வைப்பதுதான் படிமத்தின் நேர்மை என்று நாங்கள் எல்லோரும் பேசித் திரிந்தவர்கள். நானும் இந்த மாதிரி எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கல் எட்டடி தள்ளிப் பசித்திருக்கும்போது வாசித்ததில் எனக்கு எரிச்சல் வந்தது. கவிதையில் எல்லாம் இருந்தது, கல் இல்லை. கொஞ்சம் கடுமையாகவே பதில் எழுதினேன்.

எழுதிய கையோடு நானும் அதே காரியத்தைச் செய்தேன்.

பவளம் எலும்பு கட்டக் கல்சியமும் காரமும் வேண்டும். அதற்கு ஜெர்மன்காரர்கள் பிரபலப்படுத்திய பழைய முறை ஒன்று உண்டு: நீற்றிய சுண்ணாம்பைத் தூய நீரில் கலந்து, படியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டியில் விடுவது. தூள் வாங்கி மூடியைத் திறந்தேன். ஆச்சியின் கரண்டகத்தின் நெடி. எங்கள் பக்கத்தில் முருகைக்கல்லைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கல் சூளைக்குப் போய், சூளையிலிருந்து கரண்டகத்துக்கும் வெற்றிலைக்கும் போனது. இப்போது சுண்ணாம்பு திரும்பிக் கல்லுக்குப் போகப் போகிறது. இந்தச் சுற்று எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சொட்டுக்குப் பொறுமையில்லாமல் ஒரு குவளை தெளிவை அப்படியே ஊற்றினேன்.

தொட்டி பாலாகியது. சுண்ணாம்புத் தெளிவின் காரத்தன்மை 12க்குக் கிட்ட. கடல்நீரினது 8 சொச்சம். காலையில் பவளத்தின் ஒரு ஓரத்தில் சதை பின்வாங்கியிருந்தது. அப்போதுதான் இரண்டு வெள்ளைகள் உண்டு என்று கண்டேன். பட்டினி வெள்ளையில் ஒரு ஈர மினுக்கம் இருக்கிறது. செத்த வெள்ளை சுவர் மாதிரி. நாலு நாளில் அதில் பச்சைப் பாசி படர்ந்துவிட்டது.

கடைக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். வளராத ஒன்றுக்கு எதற்குச் சாந்து?

பிறகு அவர் சொன்னபடி. அடித்தளத்தில் ஒரு பாறையின் நிழலில் வைத்தேன். விளக்கை மூன்றிலொன்றாகக் குறைத்து, கிழமைக்குக் கொஞ்சமாகக் கூட்டினேன். பத்திலொரு பங்கு நீரை வாராவாரம் மாற்றினேன். அதற்கு மேல் சுத்தம் வேண்டாம், நைத்திரேற்றும் பொசுபேற்றும் அறவே இல்லாத நீரும் பட்டினிதான் என்றார். மற்றது, இரவில் ஊட்டுவது. விளக்கணைந்து ஒரு மணி நேரத்தில் பள்ளங்களின் ஓரங்களில் மயிரிழை போன்ற கரங்கள் வெளிவரும். உறைந்த குட்டி இறாலை இளக்கி, சொட்டுக்குழாயால் விழுத்தவேண்டும். ஒரு கரம் தொடும், பக்கத்துக் கரங்கள் சாயும், பள்ளத்தின் அடியில் ஒரு வாய் மெல்லத் திறக்கும். இருபது நிமிடம். அதற்குள் மீன்கள் பறித்துவிடும் என்பதால் வெட்டிய பிளாஸ்ரிக் போத்தலொன்றால் மூடிவைத்துக் காவல் இருப்பேன்.

காவல் இருக்கையில் கடல் நினைவு வரும். நாலாவது உலகளாவிய வெளிறல் என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு பாகை, சில கிழமைகள் நின்றால் போதும். அங்கே யாரும் விளக்கைக் குறைக்க முடியாது.

நாலாம் மாதம், ரோச் வெளிச்சத்தில், ஒரு பள்ளத்தின் அடியில் தேத்தண்ணிக் கறை போல ஒரு பழுப்பு. அடுத்த கிழமை இன்னொரு பள்ளத்தில். செத்த ஓரம் செத்ததுதான்; அது திரும்பவில்லை.

நண்பர் ஒரு இரவு தொலைபேசியில் வந்தார். கோபம் ஆறியிருந்தது. கவிதையை ஒரு தொகுப்புக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். கூடவே அந்தப் பவளத்தின் படம் ஒன்றும் வேண்டுமாம்.

"அது இப்ப பழுப்பாகுது" என்றேன்.

"ஐயோ, பழுதாப் போச்சே?"

மணி ஒன்பதரை. விளக்கணைந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. பிறகு கதைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, இறாலை எடுத்து இளகப் போட்டேன்.