மிஸ் அடிக்கும் இஞ்சின்

திங்கள், பின்னேரம்

யாழ்ப்பாணம், குருநகர்க் கரை. 18 அடி ஃபைபர் படகின் பின்பலகையில் பழைய 15 குதிரைவலு இஞ்சின் ஒன்று தொங்குகிறது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை.

"மெல்லமாப் போகேக்க மிஸ் அடிக்குது தம்பி. முறுக்கினா ஓடும். ஆனா கொஞ்சத் தூரம் போனா இழுவை விழுந்திடும். காபரேற்றரைக் கழட்டிக் கழுவிவிடும்" என்கிறார் படகுக்காரர்.

மெக்கானிக் காபரேற்றரில் கை வைக்கவில்லை. "ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே காபரேற்றர்தான் அண்ணை. ஒண்டு மட்டும் அடிக்காமல் நிண்டால், முதல்ல அதைச் சந்தேகப்படக் கூடாது."

செவ்வாய்

இரண்டு பிளக்கும் வெளியே வந்தன. மேல் சிலிண்டருடையது காய்ந்து, வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது. கீழே இருந்தது கறுத்து, எண்ணெயில் ஊறிக் கிடந்தது. எரிபொருள் போய்ச் சேர்கிறது, எரியத்தான் இல்லை.

இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார்கள். பழுது பிளக்கோடு மேலே போகாமல் கீழேயே நின்றது. கம்பிரஷன் மீற்றரை வைத்துப் பார்த்தால் இரண்டு சிலிண்டருக்கும் வித்தியாசம் பத்து வீதத்துக்குள்தான். ரிங் தேயவில்லை.

மிஞ்சியது வயர். கீழ்ப் பிளக்கின் மூடியைத் திருகிக் கழற்றியதும் விடை கிடைத்தது. உள்ளே செம்புக் கம்பியின் நுனி முழுக்கப் பச்சைக் களிம்பு, உப்புக்காற்றின் வேலை. அரை சென்ரிமீற்றர் வெட்டி எறிந்துவிட்டு, பளபளக்கும் புது நுனியில் மூடியைத் திருகினார். மெதுவான ஓட்டத்தில் இஞ்சின் சீராக நின்றது.

முறுக்கினால் மட்டும் ஓடியதன் காரணமும் இதுதான். ஃப்ளைவீல் காந்தம் மெதுவாகச் சுற்றும்போது பிறக்கும் மின்னழுத்தம் குறைவு, அதனால் களிம்பைத் தாண்ட முடியவில்லை. வேகம் கூடியபோது தாண்டியது.

புதன், விடியற்காலை

மண்டைதீவுப் பக்கமாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் இழுவை விழுந்தது. எரிபொருள் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் பம்பை மெக்கானிக் தொட்டுப் பார்த்தார். உருண்டையாக இருக்க வேண்டியது சப்பையாகக் கிடந்தது.

இது நேற்றைய பழுது அல்ல. இஞ்சின் உறிஞ்சுகிறது, பின்னாலிருந்து எண்ணெய் வரவில்லை. அடைப்பு பம்புக்கும் தாங்கிக்கும் இடையில். தாங்கி மூடியின் காற்றுத் துளை அடைபட்டாலும் இப்படி ஆகும் என்பதால் மூடியையே திறந்துவிட்டு ஓட்டினார்கள். பம்ப் மறுபடியும் சப்பையானது. தாங்கிக்குள் இறங்கும் உறிஞ்சுகுழாயை உருவியபோது, அதன் நுனியிலுள்ள வலையில் பழுப்பு நிறச் சேறு அப்பியிருந்தது. மெதுவாகப் போகும்போது இஞ்சினுக்குத் தேவை குறைவு, வலையில் கசிவதே போதும். முழு வேகத்துக்கு அது காணாது.

வியாழன்

தாங்கியின் அடியில் கிடந்ததைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கீழே பிரிந்து நின்றது, மேலே மண்ணெண்ணெய்.

2022 ஆகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குப் போனது. அதற்குப் பிறகு மண்ணெண்ணெய்க் கானின் அடியில் கிடக்கும் கடைசிச் சொட்டையும் வீசப் படகுக்காரருக்கு மனம் வருவதில்லை. தண்ணீரும் சேறும் தங்குவதும் அந்த அடியில்தான். இனி வடித்து ஊற்றுவதாக ஒப்புக்கொண்டார்.

வெள்ளி

தாங்கி கழுவியாயிற்று, வலை புதிது. மண்டைதீவு வரை போய்த் திரும்பியும் பம்ப் உருண்டையாகவே இருந்தது. கரைக்கு வருமுன் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்தினார்கள். காபரேற்றரில் மண்ணெண்ணெய் தங்கினால் அடுத்த நாள் குளிர்ந்த இஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

மீன்வலை ஏற்றத் தொடங்கிய படகுக்காரரை மெக்கானிக் மறித்தார். "இஞ்சினைக் குளிராக்கிற தண்ணி மெல்லிசா வருது அண்ணை. அதைத் தள்ளுற இம்பெல்லரை மாத்தாமல் தூரப் போகாதேங்கோ."

"அது எவ்வளவு தம்பி?"

காபரேற்றர் இன்னும் கழற்றப்படவில்லை.