கட்டளை முடிந்த இடம்

கருந்திரையில் நிற்கும் டாலர் குறியையும் அதன் அருகே துடிக்கும் கர்சரையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகிய ஆய்வாளர்கள்கூட அவற்றை ஒரே கருவியின் உறுப்புகளாகவே எண்ணுகிறார்கள். உண்மையில் அங்கே இரண்டு நிரல்கள் வேலை செய்கின்றன. எழுத்துகளைத் திரையில் வரைவது டெர்மினல் எமுலேட்டர். தட்டச்சு செய்த கட்டளையைப் படித்து நிறைவேற்றுவது ஷெல். இவ்விரண்டுக்கும் நடுவே இயங்குதளம் அமைத்துத் தரும் ஒரு குழாய் மட்டுமே இருக்கிறது. அதன் வழியே பைட்டுகள் வரிசையாக வருகின்றன. அவற்றில் எது ஷெல்லின் ப்ராம்ப்ட், எது மனிதர் தட்டிய கட்டளை, எது அக்கட்டளையின் விடை என்பது டெர்மினலுக்குத் தெரியாது.

இந்த அறியாமை மரபுவழி வந்தது. எமுலேட்டர் என்ற பெயரே எதையோ போலச் செய்வது என்றுதான் பொருள்படுகிறது. இன்றைய டெர்மினல்கள் பெரும்பாலும் போலச் செய்வது, டெக் நிறுவனம் 1978இல் வெளியிட்ட வி.டி.100 என்னும் முனையத்தை. 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துகளும் கொண்ட அக்கருவி, எஸ்கேப் என்னும் 27ஆம் குறியீட்டெண்ணைக் கண்டதும் அடுத்து வருவதை எழுத்தாக அச்சிடாமல் ஆணையாக எடுத்துக்கொள்ளும். கர்சரை நகர்த்து, வரியை அழி, எழுத்தைத் தடித்துக் காட்டு என்பன அந்த ஆணைகள். எல்லாம் எப்படிக் காட்டுவது என்பதைப் பற்றியவை. காட்டப்படுவது என்ன என்று சொல்லும் ஆணை எதுவும் அவற்றில் இல்லை.

இதனால் ஆய்வுக்கு என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு ஆய்வு மாணவி ஒரே உருவகப்படுத்தல் நிரலை அளபுருவை மட்டும் மாற்றி மாற்றிப் பிற்பகல் முழுதும் ஓட்டுகிறார் என்று கொள்வோம். திரையில் ஆயிரக்கணக்கான வரிகள் குவிகின்றன. மேலே உருட்டிச் சென்று, எந்த விடை எந்த ஓட்டத்துக்கு உரியது என்று கண்ணாலேயே தேடுகிறார். முந்தைய ஓட்டத்தின் எண் அட்டவணையில் ஏறிவிட்டால் நெறியாளருக்கும் தெரியாது, தேர்வாளருக்கும் தெரியாது. பாதியில் நின்ற ஓட்டத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். நினைவகம் தீரும்போது லினக்ஸ் ஒரு நிரலைக் கொன்றுவிட்டால், ஷெல்லுக்குக் கிடைக்கும் முடிவு எண் 137. அதாவது 128உடன் கொல்லும் சமிக்ஞையின் எண்ணாகிய 9ஐக் கூட்டியது. ஷெல் பெரும்பாலும் ஒற்றைச் சொல்லில் அதை அறிவித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அடுத்த ஓட்டத்தின் வரிகள் அச்சொல்லை மேலே தள்ளிவிடும். அரைகுறை விடை முழு விடையின் தோற்றத்தில் அங்கேயே கிடக்கும்.

ஒரு கட்டளை எங்கே முடிந்தது, வென்றதா தோற்றதா என்பதை உறுதியாக அறிந்திருப்பது ஷெல் மட்டுமே. அது தன் குரலில் பேசும் இடம் ப்ராம்ப்ட். ஆகவே ப்ராம்ப்டின் உள்ளேயே, கண்ணுக்குத் தெரியாத சில குறிகளைப் பதித்து டெர்மினலுக்குச் செய்தி அனுப்பலாம். ஃபைனல்டெர்ம் என்னும் டெர்மினல் இதற்காக 133 என்ற எண்ணில் தொடங்கும் குறிகளை வகுத்தது. ப்ராம்ப்ட் தொடங்குமுன் ‘ஏ’, ப்ராம்ப்ட் முடிந்து மனிதர் தட்டும் இடத்தில் ‘பி’, கட்டளையின் விடை தொடங்குமுன் ‘சி’, கட்டளை முடிந்ததும் முடிவு எண்ணோடு சேர்த்து ‘டி’. அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோனது. அதன் குறிகளை ஐடெர்ம்2, கிட்டி, வெஸ்டெர்ம், விண்டோஸ் டெர்மினல் ஆகியவை ஏற்றுக்கொண்டன. வி.எஸ். கோடு அதே முறையை 633 என்ற தன் சொந்த எண்ணில் விரித்துக்கொண்டது.

பாஷ் ஷெல்லில் இதை அமைக்க மூன்று இடங்கள் போதும். பி.எஸ்.1 என்னும் மாறியில் முதல் இரு குறிகளும் அமரும். 2016இல் வந்த 4.4ஆம் பதிப்பு சேர்த்த பி.எஸ்.0 என்னும் மாறி, கட்டளையைப் படித்த பின்பும் நிறைவேற்றும் முன்பும் அச்சாகும் என்பதால் மூன்றாம் குறி அங்கே. ப்ராம்ப்ட் தோன்றுமுன் இயங்கும் ப்ராம்ப்ட்-கமாண்ட் என்னும் மாறியிலிருந்து நான்காம் குறியை அனுப்பலாம். அங்கே முதல் வேலையாக முந்தைய கட்டளையின் முடிவு எண்ணை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் வேறொரு கட்டளை இயங்கிவிட்டால் அதன் முடிவு எண் இதன் மேல் எழுதப்பட்டுவிடும். பிறகு எல்லா ஓட்டங்களும் வெற்றி என்றே திரை காட்டக்கூடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ப்ராம்ப்ட் திரையில் எத்தனை கட்டங்களை அடைக்கிறது என்று ஷெல் கணக்கிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத குறிகளை அக்கணக்கில் சேர்க்காதே என்று சொல்ல, பின்சாய்வுக் கோடிட்ட சதுர அடைப்புகளுக்குள் அவற்றை வைக்க வேண்டும். வைக்கத் தவறினால் நீண்ட கட்டளை அடுத்த வரிக்கு மடங்கும் இடம் பிசகி, தன் தொடக்கத்தின் மேலேயே எழுதத் தொடங்கும். கோப்புறைகளுக்குத் தமிழில் பெயரிடுவோர் இதே பிசகை வேறொரு வாசல் வழியாகவும் சந்திக்கக்கூடும். புள்ளிக்குத் தனிக் கட்டம் இல்லை. ஒற்றைக்கொம்புக்கும் கொம்புக்காலுக்கும் எத்தனை கட்டம் என்பதில் ஷெல்லும் டெர்மினலும் வேறுபட்டால் கர்சர் எழுத்தை விட்டு விலகி நிற்கும்.

இவ்வளவும் சரியாக அமைந்தால் கிடைப்பவை எளிய வசதிகள்தாம். ஒரு ப்ராம்ப்டிலிருந்து முந்தைய ப்ராம்ப்டுக்கு ஒரே விசையில் தாவலாம். ஒரு கட்டளையின் விடையை மட்டும், ஒரு வரி கூடாமல் குறையாமல், தேர்ந்தெடுத்து நகலெடுக்கலாம். தோற்ற கட்டளையின் ஓரத்தில் சிவப்புக் குறி நிற்கும். அட்டவணைக்குள் போகும் எண் எந்த ஓட்டத்தின் எண் என்ற ஐயத்துக்கு இடம் குறைகிறது.

முற்றிலும் இல்லாமல் போவதில்லை. விடையைக் கோப்பிலும் சேமிக்க வேண்டி, நிரலின் வெளியீட்டைக் குழாய் வழியே ‘டீ’ என்னும் நிரலுக்கு அனுப்புவது ஆய்வகங்களில் அன்றாட வழக்கம். அப்போது ஷெல் சொல்லும் முடிவு எண் கடைசியில் நிற்கும் ‘டீ’யினுடையது. முன்னே நின்ற நிரல் செத்திருந்தாலும் குறி பூஜ்யம் என்றே வரும். ‘பைப்ஃபெயில்’ என்னும் ஷெல் விருப்பத்தை இயக்கி வைத்தால்தான் தோல்வி வெளிப்படும். எஸ்.எஸ்.ஹெச். வழியே தொலைவிலுள்ள கணினிக் கொத்தில் வேலை செய்யும்போது, குறிகளை அனுப்ப வேண்டியது அங்குள்ள ஷெல். மடிக்கணினியில் மட்டும் அமைத்தவருக்கு, தொலைவில் கழிந்த முழுநாளும் ஒரே கட்டளையாகத்தான் தெரியும். மேலும், எந்தக் கோப்பின் உள்ளடக்கமும் இதே குறிகளைச் சுமந்து வரலாம். அதைத் திரையில் கொட்டினால் பொய்யும் மெய்யும் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இக்குறிகளைச் சாட்சியாகக் கொள்ளலாம், தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

ஆய்வகங்களில் இத்தகைய அமைப்புக் கோப்புகள் மூத்த மாணவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வருவது உண்டு. வேலை செய்கிறது என்ற ஒரே காரணத்தால் யாரும் திறந்து படிப்பதில்லை. முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் பற்றிய 2 கிரெடிட் பாடத்தைப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கட்டாயமாக்கியது. தரவைத் திரிப்பது குற்றம் என்று அங்கே படிக்கும் மாணவர், திரிக்கும் எண்ணம் சிறிதும் இன்றியே பாதியில் செத்த ஓட்டத்தின் எண்ணை ஆய்வேட்டில் சேர்த்துவிட முடியும். அறத்தைக் கற்பிக்கும் வகுப்பில் இந்தப் பத்து வரி அமைப்பையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கச் செய்யலாம். முடிவு எண் எங்கே பிறக்கிறது, எங்கே தொலைகிறது என்பதை ஒருமுறை தெரிந்துகொண்டவர், பூஜ்யத்தைக் கண்டதும் எழுந்து போய்விடாமல் விடைக்கோப்பின் கடைசி வரியையும் திறந்து பார்ப்பார்.